ஒக்ரோபர் மூஸ் வேட்டை: பாவித்த .30-06 ரைஃபிள் விலைக்கு வருகுது, எதைப் பார்த்து வாங்க வேணும்?

கடலோரம்:

வணக்கம். எங்கள் நாலு பேருக்கும் சேர்த்து இந்த முறை ஓர் ஆண் மூஸ் (வடக்குக் காட்டுப் பெரிய மான்) டேக், அதாவது ஒன்றைச் சுடுகிற அனுமதிச் சீட்டு, கிடைத்திருக்கு. ஒக்ரோபர் இரண்டாம் கிழமை, வட ஒன்ராறியோவில் ஹேர்ஸ்டுக்கு வடக்கே, ஹைவே 11இலிருந்து மரம் வெட்டுகிற பாதையால் 60 கிலோமீற்றர் உள்ளே போய் கிரவுன் லாண்டில் (அரச காணியில்) கூடாரம் அடிக்கிற திட்டம். இரண்டு பிக்கப், ஒரு ஏ.டி.வி., ஒரு 16 அடி கனூ இருக்கு. மற்ற மூன்று பேரிடமும் ரைஃபிள் இருக்கு. என்னிடம் பி.ஏ.எல். (துவக்கு வைத்திருக்கிற உரிமம்) இருக்கு, ஆனால் மானுக்குப் பாவிக்கிற 12 கேஜ் ஷொட்கன் மட்டும்தான் கையில்.

ஒருவர் ரெமிங்டன் 700, .30-06, மரக் கட்டையோடு, 3-9x40 ஸ்கோப் பூட்டியது, 700 டொலருக்குத் தாறன் என்கிறார். இருபது ரவைக்கு மேல் சுடவில்லையாம். அதோடு 10x42 பைனாகுலர், முழங்கால் வரை வருகிற ரப்பர் சப்பாத்து, சாட்டிலைட் மெசேஜ் கருவி, வாசனைப் போத்தல்கள் உள்ள ஒரு பெட்டி எல்லாம் சேர்த்து இன்னொரு 400.

கேள்விகள் மூன்று. துவக்கில் எதைப் பார்க்க வேணும்? .30-06 ரவை அளவு போதுமா, அதைவிட வலுவான .300 வின் மேக் தேடவா? பகலில் 14 பாகை வரை போகலாம் என்கிறார்கள், அந்தச் சூட்டில் இறைச்சியை ரொறன்ரோ வரைக்கும் 900 கிலோமீற்றருக்கு மேல் பழுதாகாமல் எப்படிக் கொண்டு வருவது?

இரும்பும்_மரமும்:

.30-06 தாராளம். வடக்குக் காட்டில் மூஸ் பெரும்பாலும் 50 முதல் 150 மீற்றருக்குள்தான் நிற்கும். வின் மேக்கின் உதைக்குப் பயந்த தோள் ட்ரிகர் விழும் முன்பே சுருங்கும், சன்னம் வயிற்றில் போய் விழும். 180 கிரெயின் எடையுள்ள சன்னம் எடுங்கள். நொஸ்லர் பார்ட்டிஷன், ஃபெடரல் ஃபியூஷன், பார்ன்ஸ் டி.எஸ்.எக்ஸ். எதுவும் சரி. மலிவாக வருகிற 150 கிரெயின் மான் ரவை மூஸின் தோள் எலும்பில் பட்டுச் சிதறிவிடும், உள்ளே நுரையீரல் வரை போகாது.

இனித் துவக்கு. இருபது ரவைக் கதையை விடுங்கள், துவக்கே சொல்லும். ரெமிங்டன் 700 என்றால் முதலில் ட்ரிகரைப் பாருங்கள். விரல் படுகிற முகத்தில் வரி வரியாக இருந்தால் அது பழைய வாக்கர் ட்ரிகர். வழுவழுவென்று இருந்தால் எக்ஸ்-மார்க் ப்ரோ. 2006 மே 1 முதல் 2014 ஏப்ரல் 9 வரை செய்த எக்ஸ்-மார்க் ப்ரோ ட்ரிகர்களை நிறுவனமே 2014 ஏப்ரலில் திருப்பி அழைத்தது. பொருத்தும்போது பூசிய பசை கூடிப்போய், விரல் படாமலே வெடிக்க இடமிருந்தது. வாக்கர் ட்ரிகர் பற்றியும் பல வருடம் வழக்கு நடந்தது.

சோதனை இப்படி. ரவை உட்காருகிற அறை வெறுமை என்பதைக் கண்ணாலும் சின்ன விரலாலும் உறுதி செய்து, குழலைப் பாதுகாப்பான பக்கம் திருப்புங்கள். போல்டை மூடி, சேஃப்டியைப் போட்டு, ட்ரிகரை நன்றாக இழுத்து விடுங்கள். பிறகு ட்ரிகரைத் தொடாமல் சேஃப்டியை மட்டும் எடுங்கள். 'டிக்' என்று கேட்டால் அந்தத் துவக்கு வேண்டாம். கேட்காவிட்டால் போல்டைப் பத்துத் தரம் வேகமாகத் திறந்து மூடுங்கள், ரவையை அடிக்கிற ஊசி ஒரு தரமும் விழக்கூடாது. அதன்பின் போல்ட் மூடி, சேஃப்டி இல்லாமல், கட்டையின் அடியை ரப்பர் விரிப்பில் இரண்டு மூன்று தரம் இடியுங்கள். இவ்வளவும் தேறினாலும் தொழிற்சாலைப் பழைய ட்ரிகர் என்றால் மாற்றத்தான் வேணும். டிம்னி, ட்ரிகர்டெக் இரண்டுமே இதற்கு நேராகப் பொருந்தும். அந்தச் செலவையும் கடைக்காரர் கூலியையும் சேர்த்துக் கணக்குப் பார்த்து விலை பேசுங்கள்.

அடுத்தது குழலின் வாய். காது குடையும் பஞ்சுக் குச்சி ஒன்றை எடுத்து வாய் விளிம்பைச் சுற்றி உள்ளிருந்து வெளியே மெதுவாக இழுங்கள். பஞ்சு நூல் ஓரிடத்தில் சிக்கினால் அங்கே பிசிறு இருக்கு, சன்னம் வெளியேறும்போது ஒரு பக்கம் தள்ளும். போல்டைக் கழற்றி, ஒரு துணியை உள்ளே ஓட்டி, டோர்ச் அடித்துப் பாருங்கள். பச்சைக் கறை செப்பு, அது கழுவினால் போகும். கறள் தின்ற குழி போகாது. அறைக்கு முன்னால் உள்ள முதல் சில அங்குலத்தில் காய்ந்த குளத்துச் சேறு போல வெடிப்புத் தெரிந்தால் இருபது ரவை அல்ல, பல ஆயிரம் ரவை.

மரக் கட்டையில் போல்டின் பின்முனை உட்காரும் இடத்துக்குப் பின்னாலும் மகசீன் பெட்டியின் மூலைகளிலும் மயிரிழை வெடிப்புத் தேடுங்கள். திருகாணித் தலைகள் கிழிந்திருந்தால் யாரோ சரியான கருவி இல்லாமல் கழற்றியிருக்கிறார்கள், போல்ட் இந்தத் துவக்குக்குரியதுதானா என்றும் சந்தேகப்படலாம். அப்படியென்றால் துப்பாக்கித் திருத்துநரிடம் அறையின் அளவைச் சோதிக்கிற கோ, நோ-கோ கேஜ் போட்டுப் பார்க்காமல் ஒரு ரவையும் சுட வேண்டாம். விற்பவரிடம் சுட்ட கோது இருந்தால் வாங்கிப் பாருங்கள். அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தால் அறையின் அளவு தளர்ந்துவிட்டது.

துவக்கைவிட ஸ்கோப்தான் அடிக்கடி கைவிடும். கழற்றி, மூடிகள் இறுக்கமா என்று பார்த்து, கை பொறுக்கும் இளஞ்சூட்டு நீரில் அமிழ்த்தி இரண்டு நிமிடம் வையுங்கள். குமிழி நூலாக வந்தால் அடைப்புக் கசிகிறது, உள்ளே அடைத்த உலர்ந்த வாயு போய்விட்டது; வடக்கில் முதல் குளிர் காலையிலேயே கண்ணாடிக்குள் பனிப்புகார் பிடிக்கும். திருப்பிப் பூட்டும்போது அடித்தட்டு ஆணிகளுக்கு 20 முதல் 25 இஞ்ச்-பவுண்ட் இறுக்கம், வளைய ஆணிகளுக்கு 15 முதல் 18. கை மதிப்பில் இறுக்கினால் ஸ்கோப்பின் குழாய் நசுங்கும், இல்லாவிட்டால் ஆணி தளரும். இந்த இரண்டும்தான் 'துவக்கு சரியில்லை' என்று சொல்லப்படுவதில் பாதி.

பிறகு ஸ்கோப்பின் குமிழ்களுக்குப் பெட்டிச் சோதனை. 100 யார்டில் ஒரு புள்ளியைக் குறிவைத்து ஒன்று சுடுங்கள். 20 கிளிக் மேலே, 20 வலம், 20 கீழே, 20 இடம் என்று ஒவ்வொரு திருப்பத்துக்கும் அதே புள்ளியில் ஒவ்வொன்று. கால் அங்குல கிளிக் என்றால் ஐந்து அங்குலச் சதுரம் விழ வேணும், கடைசிச் சன்னம் முதல் ஓட்டைக்குப் பக்கத்தில் வர வேணும். வராத ஸ்கோப்பை இலவசமாகத் தந்தாலும் வேண்டாம்.

குறி சரிசெய்வது: 100 யார்டில் 2 அங்குலம் உயரமாக வையுங்கள். 200 யார்டில் நேராக விழும், 300இல் ஒரு சாண் கீழே போகும். 300இல் சுட வேண்டியே வராது. குறி வைத்த அதே வகை, அதே எடை ரவையைத்தான் காட்டுக்கும் கொண்டுபோக வேணும். மூன்று பெட்டி ஒன்றாக வாங்குங்கள். மேசையில் வைத்துச் சுட்டு முடித்ததும் மீதியை முழங்காலில் இருந்தும் மரத்தில் சாய்ந்தும் சுடுங்கள்.

வடக்குத்_தம்பி:

அண்ணை துவக்கைச் சொல்லிவிட்டார், நான் பத்திரத்தையும் மற்றச் சாமான்களையும் சொல்கிறேன்.

2022 மே 18க்குப் பிறகு தனியாள் தனியாளுக்கு விற்றாலும் காசும் சாமானும் மாறினால் போதாது. உங்கள் பி.ஏ.எல். செல்லுபடியா என்று விற்பவர் கனடியத் துப்பாக்கித் திட்டத்திடம் கேட்டு, ஒரு குறிப்பு எண் எடுக்க வேணும். அந்த எண் 90 நாளுக்குத்தான் நிற்கும். அது வரும் முன் துவக்கைக் கையில் வாங்காதீர்கள். "அதெல்லாம் பிறகு பார்க்கலாம்" என்கிறவரிடம் வாங்காமல் விடுவதே நல்லது. இந்தப் போல்ட் அக்‌ஷன் ரைஃபிளுக்குத் தடைப் பட்டியல் பிரச்சினை இல்லை. அதே விலைக்கு யாராவது செமி ஒட்டோ காட்டினால் 2020 மே மாதத்திலிருந்து வந்த பட்டியல்களை மொடல் பெயரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வாசனைப் போத்தல் பெட்டியை அங்கேயே விடுங்கள். மான், மூஸ் இனத்தின் சிறுநீர், சுரப்பி எண்ணெய் சேர்ந்த எதையும் வேட்டைக்குப் பாவிப்பது மட்டுமல்ல, அதற்காக வைத்திருப்பதே ஒன்ராறியோவில் குற்றம். பழைய பெட்டிகளில் இவை கிடப்பது வழமை. செயற்கை என்று லேபிளில் இருந்தால் மட்டும் எடுக்கலாம்.

சாட்டிலைட் கருவியை விற்பவர் தன் கணக்கிலிருந்து நீக்கித் தர வேணும். நீக்காத கருவியை உங்கள் பெயரில் பதிய முடியாது. அவர் முன்னாலேயே பதிந்து, வெளியே போய் நின்று ஒரு மெசேஜ் அனுப்பிப் பார்த்த பிறகு காசு கொடுங்கள். ஹைவே 11ஐ விட்டு உள்ளே போனால் கைத்தொலைபேசியை நம்ப முடியாது, இந்தக் கருவி கட்டாயம் வேணும்.

சப்பாத்தை இருட்டறையில் வைத்து உள்ளே டோர்ச்சை நிறுத்துங்கள். ஊசித் துளையும் வெளிச்சமாகத் தெரியும். கணுக்கால் மடிப்பில்தான் முதலில் வெடிக்கும். பைனாகுலரைத் திருப்பிப் பிடித்து, பெரிய கண்ணாடிப் பக்கத்தால் வெளிச்சத்தைப் பாருங்கள். சிலந்தி வலை போலத் தெரிந்தால் பூஞ்சணம், ஈரமான பேஸ்மென்டில் கிடந்தது. ஒரு கம்பத்தை இரண்டு கண்ணாலும் அரை நிமிடம் பார்க்கும்போது கண் இழுத்தால் அதன் அச்சு விலகிவிட்டது, திருத்துகிற கூலிக்குப் புதிதே வாங்கலாம்.

செம்மஞ்சள் உடுப்பு: இடுப்புக்கு மேல் எல்லாப் பக்கமும் தெரிகிற மாதிரி 400 சதுர அங்குலம், தலைக்குத் தொப்பி. முதுகுப் பை மாட்டியதும் பின்பக்கம் மறைந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். ஏ.டி.வி.யில் ஏறும்போது அறை வெறுமையாக இருந்தால் போதாது. ரவையோடு மகசீன் பூட்டியிருந்தாலே அது நிரப்பிய துவக்கு. சூரியன் மறைந்து அரை மணிக்குப் பிறகு, உதிக்க அரை மணிக்கு முன் வரை ரவை இல்லாமல் உறைக்குள் இருக்க வேணும். வண்டி ஓடும் பாதையின் நீளத்துக்கோ குறுக்காகவோ சுடக்கூடாது. நாலு பேரும் ஒரே டேக்கில் என்றால், டேக் வைத்திருப்பவரிலிருந்து 5 கிலோமீற்றருக்குள் நின்று, உடனே தொடர்புகொள்ளக் கூடியதாக இருக்க வேணும். நாலு வோக்கி டோக்கியும் மேலதிக பற்றரியும் கணக்கில் சேருங்கள்.

கடலோரம்:

மிக்க நன்றி இரண்டு பேருக்கும். ட்ரிகர் வழுவழு என்றுதான் இருக்கு, 2010இல் வாங்கியதாம். ட்ரிகர் மாற்ற 250 குறைக்கச் சம்மதித்துவிட்டார். ஸ்கோப் நீர்ச் சோதனையை நாளைக்குச் செய்கிறேன்.

இறைச்சி பற்றித்தான் இன்னும் பதில் வரவில்லை. வீட்டில் ஈரலும் குண்டிக்காயும் கட்டாயம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். ஐஸ் பெட்டியில் அதை முதலில் வைக்கலாமா?

ஹேர்ஸ்ட்_வழி:

ஈரல், குண்டிக்காய் இரண்டும் வேண்டாம். மூஸ் தின்னும் செடிகளிலிருந்து காட்மியம் அந்த இரண்டிலும்தான் சேர்கிறது. மூஸ், மான், கரடி எதன் ஈரலையும் குண்டிக்காயையும் உண்ண வேண்டாம் என்பது மாகாண அரசின் அறிவுறுத்தல். கழுவினாலும் வறுத்தாலும் உலோகம் போகாது. இதயமும் நாக்கும் கொண்டு வாருங்கள். நாக்கைச் சூப் வைத்தால் வீட்டில் ஈரலை மறந்துவிடுவார்கள்.

இறைச்சி பழுதாவதும் பழுதாகாததும் எங்கே சுடுகிறீர்கள் என்பதிலேயே பாதி முடிவாகிவிடும். ஓர் ஆண் மூஸ் 450 கிலோ வரும், அதற்கு மேலும் வரும். குளத்துக்குள் இடுப்பளவு நீரில் நிற்கிறதைச் சுட்டால் நாலு பேரால் அசைக்க முடியாது, சேற்று நீரில் வைத்து வெட்டிய இறைச்சி தேறாது. கரைக்கு ஏறும் வரை பொறுங்கள். ஏ.டி.வி. போகக்கூடிய பாதையிலிருந்து ஒரு கிலோமீற்றருக்கு மேல் என்றால் விட்டுவிடுங்கள். நாலில் ஒரு பங்காக வெட்டிய பின்தொடை ஒன்றே எலும்போடு 50, 60 கிலோ. பாசி நிலத்தில் அதைச் சுமந்தால் ஒவ்வொரு அடிக்கும் கால் முழங்கால் வரை புதையும்.

குறி: பக்கவாட்டாக நிற்கும்போது முன்காலை ஒட்டிப் பின்னால், நெஞ்சின் அடிக்கோட்டிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரம். தோளுக்கு மேல் இருக்கும் திமில் கண்ணை ஏமாற்றும். திமிலையும் சேர்த்து நடுவைக் கணக்குப் போட்டால் சன்னம் நுரையீரலுக்கு மேலால் போய்விடும். பட்டாலும் மூஸ் பல நேரம் அசையாமல் நிற்கும், தவறிவிட்டது என்று நினைக்காதீர்கள். அது விழாமல் நிற்கிற வரை திரும்பத் திரும்ப அதே இடத்தில் சுடுங்கள். மரத்துக்குள் போய்விட்டால் அரை மணி நேரம் உட்கார்ந்திருங்கள். உடனே துரத்தினால் இன்னும் ஒரு கிலோமீற்றர் ஓடும். விழுந்ததை உறுதி செய்ததும், அசைக்கும் முன்பே டேக்கில் திகதியையும் நேரத்தையும் வெட்டிக் குறியுங்கள்.

அப்போதிருந்து நேரத்தோடு போட்டி. மூஸின் தோல் கம்பளி போர்த்திய மாதிரி, உள்ளே சூடு அப்படியே நிற்கும். 14 பாகை பகலில் தோலோடு இரவு வரை விட்டால் இடுப்பு மூட்டில் இறைச்சி புளித்துப் பச்சை நிறமாகும். வெளியே பார்த்தால் சிவப்பாகவே இருக்கும், கடையில் வெட்டும்போதுதான் நாற்றம் வரும். ஆகவே சுட்டு ஒரு மணி நேரத்துக்குள் தோல் உரிக்கத் தொடங்க வேணும்.

குடலைத் திறக்காமல் வெட்டும் முறையைப் பழகுங்கள். மிருகம் பக்கவாட்டில் கிடக்கும். மேல்பக்கத்து முன்காலையும் பின்காலையும் 12 மில்லிமீற்றர் கயிற்றால் மரங்களுக்கு இழுத்துக் கட்டுங்கள். முதுகுத்தண்டின் நீளத்துக்குத் தோலைக் கீறி வயிற்றுப் பக்கம் உரித்துவாருங்கள். கத்தியை எப்போதும் தோலின் உள்ளிருந்து வெளியே செலுத்துங்கள். வெளியிலிருந்து மயிரோடு வெட்டினால் பத்து நிமிடத்தில் முனை மழுங்கும், இறைச்சி முழுக்க மயிர். முன்தொடையை உடலோடு பிணைக்கிற எலும்பு மூட்டே இல்லை, காலைத் தூக்கிப் பிடித்துத் தசையை அறுத்தால் கழன்று வரும். பின்தொடையில் பந்து மூட்டைத் தேடி நரம்பை அறுக்க வேணும். பிறகு முதுகு இறைச்சி, கழுத்து, விலா. கடைசி விலாவுக்குப் பின்னால் கையை விட்டு முதுகெலும்பின் உட்பக்கத்து மெல்லிய இறைச்சித் துண்டை (டெண்டர்லொயின்) எடுக்கலாம், குடல் கிழியாது. கயிற்றை அவிழ்த்துப் புரட்டி மறுபக்கம். 10 முதல் 12 சென்ரிமீற்றர் அலகுள்ள கத்தி இரண்டு, வைரக் கல் ஒன்று போதும். அலகு மாற்றுகிற கத்தி நல்லது, ஆனால் உடைந்த துண்டு இறைச்சிக்குள் போகும். ஒவ்வொரு அலகையும் எண்ணிக் கொண்டுபோய் எண்ணிக் கொண்டு வாருங்கள்.

வெட்டிய தொடையின் உட்பக்கத்தில் எலும்பு வரை நீளமாக ஒரு கீறல் போட்டு விரித்துவிடுங்கள், சூடு அங்கேதான் ஒளிந்திருக்கும். உடனே பருத்தித் துணிப் பைகளில் போடுங்கள். ஒரு மூஸுக்கு எட்டுப் பெரிய பை. பொலித்தீன் பையில் ஒரு மணி நேரம்கூட வேண்டாம், வியர்த்துப் புளிக்கும். இலையானுக்கு லீற்றருக்கு 60 கிராம் சிற்றிக் அமிலம் கரைத்து மேற்பரப்பில் விசிறுங்கள், அல்லது மிளகுத்தூளை அள்ளிப் பூசுங்கள். எங்கள் வீட்டுச் சமையலுக்கு அது எப்படியும் ஒத்துப் போகும். கூடாரத்திலிருந்து 100 மீற்றராவது தள்ளி, நிழலில், இரண்டு மரங்களுக்கிடையில் தடி போட்டு, ஒன்றையொன்று தொடாமல் தொங்கவிடுங்கள். கருங்கரடி வரும் என்று வைத்துக்கொண்டே உயரத்தைத் தீர்மானியுங்கள்.

இரவில் 2, 3 பாகைக்கு இறங்கினால் காலைக்குள் நன்றாகக் குளிர்ந்துவிடும். பகலில் தார்ப்பாயை இறைச்சியில் முட்டாமல் மேலே கூரையாகக் கட்டினால் இன்னொரு நாள் தாங்கும். அதற்கு மேல் காட்டில் வைக்காதீர்கள். டேக் ஒன்றுதான், வேலை முடிந்தது, கூடாரத்தைக் கழற்றுங்கள்.

இரும்பும்_மரமும்:

ஹேர்ஸ்ட் வழி அண்ணை சொன்னதில் ஒன்றை மட்டும் மாற்றுவேன். பாதைக்குக் கிட்ட விழுந்தால் குடலை எடுத்து, இரண்டாகப் பிளந்து தொங்கவிடுவதுதான் நல்லது. விலா இறைச்சி வீணாகாது, நெஞ்சுக் கூட்டின் உள்ளும் காற்றுப் படும். செயின் சோ கொண்டு முதுகெலும்பைப் பிளக்கலாம். அதற்கு முதல் செயின் எண்ணெய்த் தாங்கியைக் காலி செய்து கனோலா எண்ணெய் ஊற்றி, ஒரு மரக்கட்டையில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பழைய எண்ணெயைத் துரத்த வேணும். இது மறந்தால் இறைச்சி முழுக்கக் கருஞ்சொட்டு.

ஹேர்ஸ்ட்_வழி:

பாதைக்கு 50 மீற்றருக்குள் என்றால் ஒத்துக்கொள்கிறேன் தம்பி. உள்ளே விழுந்தால் நான் சொன்னதுதான்.

பயணத்துக்கு: எலும்பு எடுத்தால் 180 முதல் 200 கிலோ இறைச்சி. 100 லீற்றர் குளிர்பெட்டியில் 50 கிலோவுக்கு மேல் அடைக்காதீர்கள், ஆகவே நாலு பெட்டி. ஒவ்வொன்றிலும் 2 லீற்றர் போத்தலில் உறைய வைத்த நீர் ஏழெட்டு. உதிரி ஐஸ் உருகி இறைச்சி நீரில் மிதந்தால் வெளிறிச் சுவை போகும். ரொறன்ரோவிலிருந்து போகும்போதே போத்தல்களை உறையவிட்டுக் கொண்டுபோனால் ஐந்தாறு நாள் நிற்காது, ஆகவே பிக்கப்பின் பின்னால் ஒரு சின்ன உறைபெட்டியும் ஜெனரேற்றரும் ஏற்றுகிறவர்கள் பலர். இல்லாவிட்டால் போகும் வழியிலேயே வேட்டை இறைச்சி வெட்டுகிற கடையில் பெயர் பதிந்துவிட்டுப் போங்கள். ஒக்ரோபரில் முன்பதிவு இல்லாமல் கொண்டுபோனால் குளிரறையில் இடம் இல்லை என்பார்கள். சுட்ட அன்றே உறைபெட்டிக்குள் தள்ளவும் வேண்டாம். தசை விறைத்துத் தளரும் முன் உறைந்தால் எவ்வளவு நேரம் அவித்தாலும் ரப்பர்தான். ஒரு நாள் தொங்கட்டும்.

ஆண் என்பதற்கான அடையாளத்தை அந்த வருட வேட்டைச் சட்டச் சுருக்கத்தில் சொன்னபடி இறைச்சியோடு கொண்டு வர வேணும். தலையைக் காட்டிலே விட்டுவிட்டு வந்து வழியில் பரிசோதனையில் மாட்டாதீர்கள். இறைச்சியைச் சொந்தக்காரருக்குப் பங்கு கொடுக்கலாம், ஒரு டொலருக்கும் விற்கக்கூடாது. வீட்டுக்கு வந்ததும் நாலு பேரும் தனித்தனியாக வேட்டை அறிக்கை அனுப்ப வேணும். சுடாதவருக்கும் அது கட்டாயம்.

கடைசியாக, இரவில் ஹைவே 11இல் ஓடாதீர்கள். காரின் விளக்கு மூஸின் கால்களில்தான் படும், கண் அதற்கு மேலே இருப்பதால் மினுக்கமே தெரியாது. விடியப் புறப்பட்டால் இருட்டும் முன் நோர்த் பேயைத் தாண்டிவிடலாம்.